நெஞ்சளவு தண்ணிக்கு லைப் ஜாக்கெட் தேவையோ? யாழ்ப்பாணத்து அராலிப் பக்கம் தாரா பாக்கப் போய் வள்ளம் மூழ்கின கதை

அராலிப்பெடியன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி சின்னன்தான். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் கேட்டால் விளங்காது, கொஞ்சம் பொறுத்து வாசியுங்கோ.

என்னட்டை பதினெட்டடி பைபர் வள்ளம் ஒண்டு இருக்கு, 9.9 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின். பரவைக்கடல், அதுதான் கரையோடை கிடக்கிற ஆழம் குறைஞ்ச கடலிலை தொழில், நண்டும் இறாலும். கார்த்திகை, மார்கழி, தையிலை கமராக்காரர் வருவினம். வடக்கை இருந்து பறந்து வாற வாத்துக் கூட்டம் அந்த நேரம்தான் எங்கடை கடலிலை இறங்கும். ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி எண்டு அவை பேர் சொல்லுவினம். எங்களுக்கு எல்லாம் தாராதான். விடியக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவன். வாடை காலத்திலை தொழில் பாதி நாள் படுத்துவிடும், அந்தக் காசு வீட்டுக்கு உதவும்.

இந்த முறை அக்காவும் அத்தானும் கனடாவிலை இருந்து வந்து நிக்கினம். அத்தான் வின்சர் பக்கம். அங்கை லைசன்ஸ் எடுத்து வாத்து வேட்டைக்குப் போறவர். இஞ்சை கமராவோடைதான் வந்தவர். முதலே சொல்லிவிடுறன், இல்லாட்டில் ஆராவது தொடங்குவீங்கள்.

போன சனிக்கிழமை விடிய அஞ்சேகால். அராலித்துறையிலை கடல் கண்ணாடி. நான், பதின்மூண்டு வயசு மகன், அத்தான், அவற்றை சிநேகிதர் ரெண்டு பேர், எனக்கு உதவிக்கு ஒரு பெடியன். ஆறு பேர். அந்தச் சிநேகிதரின்ரை கமராப் பெட்டியைத் தூக்கி வைக்கவே ரெண்டு பேர் வேணும். அத்தான் உடனை ஏறேல்லை. துறையிலை நிண்டு பாத்தார். "தம்பி, விளிம்புக்கும் தண்ணிக்கும் இடையிலை ஒரு சாண்தான் நிக்குது" எண்டார். "லைப் ஜாக்கெட் எங்கை?" எண்டார். ரெண்டு இருந்தது. ஒண்டு எனக்குக் கீழை, மற்றது மகனுக்குக் கீழை. பலகை குத்தும் எண்டு போட்டுக்கொண்டு இருக்கிறனாங்கள். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "திரும்பி வரேக்கை காத்து எங்கை இருந்து அடிக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. "அத்தான், இது உங்கடை பெரிய ஏரி இல்லை. விழுந்தால் எழும்பி நிக்கலாம்" எண்டன்.

வேலணைப் பக்கமா ரெண்டு கிலோமீற்றர் அளவிலை கூட்டம் நிண்டது. சரியான கூட்டம். எஞ்சினை நிப்பாட்டி, கம்பு ஊண்டிக் கிட்டப் போய், நங்கூரத்தைக் கடைப்பக்க (பின்பக்க) வளையத்திலை கட்டி இறக்கினன். அப்பதான் அணியம் (முன்பக்கம்) தாராப் பக்கம் பாத்து நிக்கும், படம் எடுக்கிறவைக்கு வசதி. ஏழரைக்கு வெயில் ஏற, காத்தும் எழும்பிச்சுது. சின்னச் சின்ன அலை, கிட்டக் கிட்ட. எஞ்சின் பூட்டுற பலகையிலை வந்து சளார், சளார் எண்டு அடிக்குது. இன்னும் பத்து நிமிசம் எண்டு சிநேகிதர் கேக்க, நானும் விட்டிட்டன்.

அந்த நேரம் ஒரு கடற்கழுகு மேலாலை வந்தது. முழுக் கூட்டமும் ஒரே எழும்பல். கடலே எழும்பினது போலை இருந்தது. மூண்டு பேரும் கமராவோடை இடப்பக்கம் எழும்பி நிண்டினம். வள்ளம் சரிஞ்சுது, அதே நேரம் பின்னாலை ஒரு அலை பலகைக்கு மேலாலை ஏறி உள்ளுக்கை வந்துது. அடுத்தது அதைவிடப் பெரிசு. மூண்டாவது அலைக்கு எஞ்சின் மூடி மட்டும் தெரிஞ்சுது. நங்கூரக் கயிற்றை அவிழ்ப்பம் எண்டால் முடிச்சு இறுகிக் கல்லாப் போச்சு. வெட்டக் கத்தி இல்லை. கத்தி வீட்டிலை, மீன் வெட்டுற பலகையிலை.

ஓம், எழும்பி நிண்டம். எனக்கு நெஞ்சு மட்டம். மகனுக்கு மூக்கு மட்டம். அலை வரேக்கை அவனுக்கு மூக்கும் இல்லை. கீழை முழங்கால் மட்டும் சேறு. ஒரு காலைத் தூக்க மற்றக் கால் இன்னும் இறங்குது. அத்தான்தான் மிதந்து போன ஜாக்கெட்டைப் பிடிச்சு அவனுக்கு மாட்டிவிட்டவர். நாப்பது நிமிசத்துக்குப் பிறகு ஒரு நண்டு வள்ளம் கண்டு வந்து ஏத்தினது. ரெண்டு கமரா போச்சு. மகனுக்குச் சொண்டு நீலம், வீட்டுக்கு வந்தும் நடுக்கம் நிக்க ஒரு மணித்தியாலம்.

ஊரிலை இப்ப எனக்குப் பேர் "நெஞ்சளவு". துறையடியிலை போக ஒருத்தன் நீச்சல் காட்டுறான்.

நான் கேக்கிறது இதுதான். பரவைக்கடலுக்கு எல்லாரும் ஜாக்கெட் போடத்தான் வேணுமோ, அல்லது அத்தான் கனடாப் பழக்கத்திலை சொல்லுறாரோ? கடைப்பக்கம் நங்கூரம் போட்டது பிழையோ, எங்கடை கெட்ட காலமோ? நான் வலைக்குப் போகேக்கை எத்தினை வருசமா அப்பிடித்தான் கட்டுறன். காத்து எவ்வளவு அடிச்சால் திரும்பவேணும் எண்டு ஒரு கணக்கு இருக்கோ?

---

நெடுந்தீவான்:

குறிகட்டுவானிலை இருந்து நெடுந்தீவுக்கு வாடையிலை ஒருக்கா வாருங்கோ, கடல் எண்டால் என்ன எண்டு காட்டுறன். காத்து எண்டால் எங்கடை படகுச் சேவையையே நிப்பாட்டிப்போடுவினம். உங்கடை பக்கம் நடந்து போய்த் தாரா பிடிக்கலாமே அண்ணை. ஜாக்கெட் போட்டால் சேறுதான் மிதக்கும்.

---

குருநகர்க் கிழவன்:

நெடுந்தீவுத் தம்பி, பகிடி காணும். உந்த நெஞ்சளவுத் தண்ணியிலை போன ஆக்களின்ரை செத்தவீட்டுக்கு நான் போயிருக்கிறன். பேர் சொல்லேல்லை, பிள்ளையள் இருக்கினம்.

அராலித் தம்பி, உம்மடை அத்தான் கடைசியாக் கேட்ட காத்துக் கேள்விதான் கேள்வி. மற்றதெல்லாம் அதுக்குப் பின்னாலைதான். வாடை எண்டால் வடகிழக்கு. அராலித்துறை பரவைக்கடலுக்கு வடக்குக் கரை. அப்ப காத்து உமக்கு முதுகுக்குப் பின்னாலை, தரையிலை இருந்து, பனைக்கும் வீட்டுக்கும் மேலாலை வருது. துறையடியிலை கண்ணாடி மாதிரித்தான் இருக்கும். புயல் அடிச்சாலும் முதல் நூறு யார் தூரத்துக்குக் கடல் பொய் சொல்லும். தள்ளிப் போகப் போகத்தான் அலை வளரும். போகேக்கை காத்து தள்ளிக்கொண்டு போகும், எஞ்சினும் சிரிச்சுக்கொண்டு ஓடும். வரேக்கை அதே காத்து மூஞ்சையிலை. நீர் போற காத்தைப் பாத்திருக்கிறீர், வாற காத்தைப் பாக்கேல்லை. சோழகத்துக்கு, அதுதான் தென்மேற்குக் காத்துக்கு, இது மாறி வரும். அப்ப வேலணைப் பக்கத்தான் ஏமாறுவான், உங்கடை பக்கம் துறையடியிலேயே சொல்லிப்போடும்.

ரெண்டாவது. ஆழம் குறைஞ்சால் பயம் குறைவு எண்டு நினைக்கிறீர். அலைக்குக் கால் கீழை முட்டினால் அது நிமிரும். ஆழ்கடல் அலை நீளமா வந்து வள்ளத்தைத் தூக்கி இறக்கிப்போட்டுப் போகும். பரவைக்கடல் அலை குட்டை, செங்குத்து, ஒண்டு போக முதல் அடுத்தது நிக்கும். பதினெட்டடி வள்ளத்துக்கு அதுதான் யமன். தண்ணி அள்ளி ஊத்த நேரம் தராது.

பிறகு அந்தச் சேறு. நீர் முழங்கால் எண்டு எழுதினீர். ஓடை வெட்டின இடத்திலை ஒரு அடி தள்ளி வைச்சால் ரெண்டு ஆள் ஆழம். மீன் பிடிக்க நட்ட களங்கண்டித் தடி, அறுந்த வலை, பழைய கம்பி எல்லாம் கீழை கிடக்கு. திருக்கையும் உந்தச் சேத்துக்கைதான் படுத்திருக்கும். தண்ணிக்கை நடக்கவேண்டி வந்தால் காலைத் தூக்கி வையாதையும், இழைச்சு இழைச்சுப் போம். காலை உணர்ந்தால் அது விலகிப்போகும், மேலை மிதிச்சால்தான் முள்ளாலை அடிக்கும்.

அடிவானத்தைப் பாக்கப் பழகும். துறையிலை நிண்டு தூரத்துக் கடல்விளிம்பைப் பாரும். நேர்கோடு எண்டால் போம். வாள்ப்பல்லு மாதிரி அரிஞ்சு அரிஞ்சு தெரிஞ்சால் அங்கை அலை நிக்குது, கண்ணுக்கு முன்னாலை கண்ணாடியா இருந்தாலும். அஞ்சேகாலுக்கு இருட்டு, அடிவானம் தெரியாது எண்டு சொல்லுவீர். அப்ப விடியும் மட்டும் இரும். தாரா ஒண்டும் வேலைக்குப் போறேல்லை.

வள்ளத்துக்கு ஒரு விசயம். 20 லீற்றர் கான், மூடி வடிவா இறுகிறது, வெறுங்கான், பலகைக்குக் கீழை ரெண்டு பக்கமும் கட்டும். ஒவ்வொண்டும் தண்ணிக்கை கிட்டத்தட்ட 20 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும். ஆறு கான் கட்டினால் தண்ணி ஏறின வள்ளமும் எஞ்சினோடை கீழை போகாது, பிடிச்சுக்கொண்டு நிக்கலாம். வள்ளத்தை விட்டிட்டு நடக்க வெளிக்கிடாதையும். தலை ஒண்டைக் கடலிலை காணேலாது, கவிண்ட வள்ளத்தைக் காணலாம். கத்தி அணியத்திலை ஒண்டு, எஞ்சினடியிலை ஒண்டு, கயிற்றோடை கட்டித் தொங்கவேணும்.

1964 மார்கழி 22, 23. தனுஷ்கோடியை அழிச்ச புயல். எனக்கு எட்டு வயசு. முதல் நாள் பின்னேரம் அப்பு வள்ளத்தை இழுத்துத் தென்னையோடை கட்டினார். பக்கத்து வீட்டார் சிரிச்சவை, வானத்திலை ஒண்டும் இல்லையாம். இவ்வளவுதான் சொல்லுவன்.

---

புதியவன்77:

ஒரு சந்தேகம். தாரா வேட்டை இஞ்சை செய்யேலாதோ? எங்கடை பெரியப்பா முந்திச் சுட்டவர் எண்டு சொல்லுவினம்.

---

சுண்டிக்குளம் சுத்துறவன்:

முந்திச் சுட்டவை, இப்ப பிடிச்சால் நீதிமன்றம். 1937 ஆம் ஆண்டு வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறகு பல தரம் திருத்தப்பட்டது. வலசை வாற வாத்துக்குப் பாதுகாப்பு இருக்கு. சுண்டிக்குளம் 1938 இலை பறவைகள் சரணாலயமா அறிவிக்கப்பட்ட இடம், 2015 இலை தேசியப் பூங்கா ஆக்கினவை. அங்கை துவக்கு என்ன, வலையோடை போனாலே கதை வேறை. கனடாவிலை வேட்டைக்காலம், அனுமதிப்பத்திரம், ஒரு நாளைக்கு இத்தினை எண்டு கணக்கு எல்லாம் இருக்கு, அது அங்கத்தைச் சட்டம்.

கமராக்காரருக்கும் ஒண்டு: கூட்டத்துக்கு உள்ளுக்கை வள்ளம் விடாதையுங்கோ. அதுகள் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து இரை எடுக்கிற நேரம்.

---

வின்சர் அத்தான்:

வணக்கம். நான்தான் அந்த அத்தான். மேல்மாடியிலை இருந்து எழுதுறன், கீழை மச்சானுக்குத் தெரியாது. குருநகர் ஐயா எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். எனக்கு அங்கை பன்ரெண்டு வருசத்திலை விளங்கினதை ஐயா நாலு பந்தியிலை சொல்லிப்போட்டார்.

மச்சான் நினைக்கிறது போலை நான் போறது ஆழமான பெரிய ஏரி இல்லை. சென்ட் கிளேர் ஏரி, ஒன்ராறியோவுக்கும் மிச்சிக்கனுக்கும் நடுவிலை. சராசரி ஆழம் மூண்டரை மீற்றர்கூட வராது. நாணல், சேறு, வாத்து. முதல் நாள் கண்டபோது எனக்கு எங்கடை பரவைக்கடல்தான் ஞாபகம் வந்தது, அதாலைதான் எனக்கும் வாய் கூடினது. "நான் யாழ்ப்பாணத்தான், எனக்குக் கடல் படிப்பிக்காதையுங்கோ" எண்டு கூட வந்த வெள்ளைக்காரக் கிழவருக்குச் சொன்னனான். அவர் ஒண்டும் பேசேல்லை, ஒரு ஜாக்கெட்டை எடுத்து மடியிலை போட்டார். சட்டம் கேக்கிறது ஆளுக்கு ஒண்டு படகிலை இருக்கவேணும் எண்டுதான். கிழவர் கேட்டது உடம்பிலை இருக்கவேணும் எண்டு. சனிக்கிழமை மகனுக்கு நான் ஜாக்கெட் மாட்டினது அலைக்கு நடுவிலை, அவன் இருமிக்கொண்டு நிக்கேக்கை. ஒரு பட்டி கொழுவ எனக்கு நாலு தரம் கை வழுக்கினது. ஓடுற காருக்கை சீற் பெல்ற் தேடுற மாதிரித்தான்.

வாத்து வேட்டைக்காரர் எப்பிடிச் சாகினம் எண்டு அங்கை வகுப்பிலை படிப்பிப்பினம். துவக்காலை இல்லை, பெரும்பாலும் தண்ணியாலை. சின்னப் படகு. அதுக்குள்ளை ஆக்கள், நாய், வாத்தை ஏமாத்தி இறக்க வைக்கிற பொம்மை வாத்து மூட்டை, வெடி. கூட்டம் மேலாலை வர எல்லாரும் ஒரு பக்கம் எழும்புவினம், நாயும் அதே பக்கம் பாயும். அல்லது நங்கூரத்தைப் பின்பக்கம் கட்டியிருப்பினம். மச்சான், சனிக்கிழமை நாங்கள் செய்தது ரெண்டும். நாய் மட்டும்தான் இல்லை.

நங்கூரத்தைப் பற்றி: அணியம் கூர், உயரம். அலையைப் பிளந்து மேலை ஏறும். பின்பக்கம் தட்டை, எஞ்சினுக்காக வெட்டிப் பதிச்சது, எஞ்சின் பாரமும் அங்கை. அதிலை கயிற்றைக் கட்டினால் கீழை இருந்து ஒருத்தன் இழுத்துப் பிடிக்க, மேலாலை அலை அடிக்கிற மாதிரி. படகாலை எழும்பேலாது. நீர் எத்தினை வருசமா வலைக்கு அப்பிடிக் கட்டினீர் எண்டால், காத்து இல்லாத நாளிலை கட்டியிருக்கிறீர். அணியத்திலை மட்டும் கட்டும், கயிறும் தாராளமா விடும், ஆழத்தைப்போலை ஏழு மடங்கு எண்டு சொல்லுவினம்.

இன்னொண்டு மச்சானுக்குச் சொல்லவேணும், நேரிலை சொன்னால் சண்டை வரும். எஞ்சினிலை சிவப்புக் கயிறு ஒண்டு தொங்குது, அதின்ரை மற்ற முனை ஒருநாளும் உம்மடை கையிலை இல்லை. நீர் விழுந்தால் எஞ்சினை நிப்பாட்டுறதுக்குத்தான் அது. ஆள் இல்லாத வள்ளம் நேரை போகாது, வட்டம் அடிச்சுத் திரும்ப உமக்கு மேலாலைதான் வரும், சுத்துற எஞ்சின் காத்தாடியோடை. அமெரிக்காவிலை 2021 சித்திரை 1 ஆம் திகதியிலை இருந்து 26 அடிக்குக் குறைஞ்ச படகு ஓட்டுறவன் அதைக் கொழுவியிருக்கவேணும் எண்டு சட்டம்.

அங்கத்தை குளிர் இஞ்சை இல்லை, அதை ஒத்துக்கொள்ளுறன். அங்கை ஐப்பசி, கார்த்திகையிலை விழுந்தால் ஒண்டு, பத்து, ஒண்டு எண்டு கணக்கு. மனிற்றோபாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் சொல்லிக்குடுத்தது. முதல் ஒரு நிமிசம் மூச்சு இழுத்து இழுத்து வரும், அதை அடக்கவேணும். அடுத்த பத்து நிமிசம்தான் கையும் விரலும் சொல்வழி கேக்கும். பிறகு ஒரு மணித்தியாலம் அளவிலைதான் குளிர் மயக்கும். நல்லா நீந்தத் தெரிஞ்சவனும் ஜாக்கெட் இல்லாட்டில் அந்த ஒரு மணித்தியாலத்துக்குப் பெரும்பாலும் போறதில்லை, அதுக்கு முதலே கை கால் ஓய்ஞ்சு முடிஞ்சிடும். இடுப்புக்கு மேலை வாற றப்பர்க் காற்சட்டை போடுவம். அதுக்குள்ளை தண்ணி போனால் கல்லு மாதிரி இழுக்கும் எண்டு ஒரு கதை அங்கையும் இருக்கு. பொய். தண்ணிக்கை தண்ணிக்குப் பாரம் இல்லை. கரையிலை ஏறேக்கைதான் பாரம். ஆனால் அதோடை நீந்திப் பாருங்கோ, தெரியும்.

ஒரு கதை சொல்லி முடிக்கிறன். 1940 கார்த்திகை 11. அமெரிக்காவிலை மினசோட்டாப் பக்கம் மிசிசிப்பி ஆத்திலை விடிய இதமான வெயில். விடுமுறை நாள். வேட்டைக்காரர் மெல்லிய உடுப்போடை ஆத்துத் தீவுகளுக்குப் போச்சினம். அண்டைக்கு வாத்து வந்த மாதிரி ஒருநாளும் வரேல்லையாம், வானம் மறைய மறைய வந்ததாம். அதை விட்டிட்டு ஆர் வருவான்? நிண்டினம். வாத்து அப்பிடி வந்ததே பின்னாலை வாற புயலுக்கு ஓடித்தான். மத்தியானத்துக்குப் பிறகு காத்து, பனி, அஞ்சடி அலை. தீவுகளிலை உறைஞ்சு போச்சினம். மினசோட்டாவிலை மட்டும் 49 சாவு, அதிலை பாதி அளவு வாத்து வேட்டைக்குப் போனவை. அடுத்த நாள் வினோனா ஊர் விமானி மக்ஸ் கொன்ராட் ஒரு சின்ன விமானத்திலை போய், உயிரோடை நிண்டவைக்குச் சாப்பாடும் சிகரட்டும் தகரத்திலை போட்டுப் போட்டுத் திரிஞ்சவர்.

"இன்னும் பத்து நிமிசம்" எண்டு என்ரை சிநேகிதர் கேட்டபோது எனக்கு அந்தக் கதைதான் தலைக்கை ஓடினது. அப்ப நான் வாய் திறக்கேல்லை. நானும் படம் எடுத்துக்கொண்டு நிண்டன். அதை மச்சான் எழுதேல்லை, மரியாதைக்கு.

---

தாதிப்பிள்ளை:

ஒரு விசயம் மட்டும், ஏனெண்டால் இதை நாங்கள் ஆசுப்பத்திரியிலை அடிக்கடி பாக்கிறம். தண்ணியிலை இருந்து எடுத்த பிள்ளையைத் தலைகீழாத் தூக்கிச் சுத்தாதையுங்கோ, வயித்தை அமத்தித் தண்ணி எடுக்காதையுங்கோ. சத்தி வந்து மூச்சுக்குழாய்க்குள்ளை போகும், நேரமும் போகும். மூச்சு இல்லாட்டில் முதல் வாயோடை வாய் வைச்சு அஞ்சு தரம் ஊதுங்கோ, பிறகு நெஞ்சை 30 தரம் அமத்தி 2 தரம் ஊதுறது, விடாமல். 1990 அம்புலன்சுக்கு ஒராள் எடுக்கட்டும். மூச்சு இருந்து இருமிக்கொண்டிருந்தாலும் கொண்டுவாங்கோ. "இப்ப சரியாப் போச்சு" எண்டு வீட்டிலை படுக்க வைச்சு, ராத்திரி மூச்சு முட்டிக் கொண்டுவாறவை இருக்கினம். அராலி அண்ணை, மகனைக் காட்டினீங்களோ?

---

அராலிப்பெடியன்:

தங்கச்சி, காட்டினது. நெஞ்சு தெளிவு எண்டு சொன்னவை. அவன் இப்ப பள்ளிக்கூடத்திலை தான் கப்பல் விபத்திலை தப்பின ஆள் எண்டு சொல்லித் திரியிறான்.

அத்தான், மேல்மாடியிலை இருந்து எழுதினால் எனக்குத் தெரியாதோ? அக்கா ஒரு மணித்தியாலமா "மனுசன் போனோடை என்ன செய்யிறார்" எண்டு கேட்டுக்கொண்டு நிண்டவ. சண்டை இல்லை. சிவப்புக் கயிறு இப்ப கையிலைதான்.

நெடுந்தீவுத் தம்பி, உமக்கு ஒரு பதில் வைச்சிருந்தன், குருநகர் ஐயா முந்திப்போட்டார்.

இது வரைக்கும் செய்தது: கடைப்பக்க வளையத்தை அரம் போட்டு அறுத்துக் கடலிலை எறிஞ்சன், ஆசைப்பட்டாலும் கட்டேலாது. ஆறு கான் கட்டியாச்சு. மூண்டு பழங்கானிலை மூடி கசிஞ்சுது, கிணத்துக்கை அமத்திப் பிடிச்சுப் பாத்துத்தான் பிடிச்சன், அப்பிடியே கட்டாதையுங்கோ. ஆறு ஜாக்கெட் வாங்கினன். எவ்வளவு தூக்கிப் பிடிக்கும் எண்டு 50 நியூட்டன், 100 நியூட்டன் எண்டு எழுதியிருக்கும். 50 நீந்தத் தெரிஞ்ச ஆளுக்கு, கரைக்குக் கிட்ட உதவி இருக்கிற இடத்துக்கு. 100 எண்டதை எடுத்தன். மகனுக்குக் காலுக்கு இடையாலை பட்டி வாறது, அல்லாட்டில் தண்ணிக்கை ஜாக்கெட் மேலை போகும், பிள்ளை கீழை போகும். ஒண்டிலும் இனி ஆரும் குந்தேலாது. குந்துறதுக்கு மனிசி பழைய தலையணை தந்திருக்கிறா. ஆக்கள் நாலுக்கு மேலை இல்லை, கமராப் பெட்டி ஒரு ஆள் கணக்கு. எந்தப் பக்கம் போறம், எத்தினை மணிக்கு வருவம் எண்டு மனிசியிட்டை எழுதிக் குடுத்துப்போட்டுப் போறது. சொன்ன நேரத்துக்கு அரை மணித்தியாலம் பிந்தினால் துறையடியிலை சொல்லி வள்ளம் அனுப்பிப்போட்டு 119 பொலிசுக்கு எடுக்கவேணும் எண்டு பேச்சு. போன் ரெண்டு சொப்பிங் பையுக்கை, கழுத்திலை விசில். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ரை 117 ஐயும் மகன் போனிலை பதிஞ்சு தந்தான்.

காத்துக் கணக்கை அத்தான் பிறகு தேத்தண்ணி குடிக்கேக்கை சொன்னார். மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேலை போனால் அலைத்தலை எல்லா இடமும் வெள்ளையாத் தெரியத் தொடங்கும், பதினெட்டடி வள்ளத்துக்கு அதோடை சரி. வளிமண்டலவியல் திணைக்களம் மீனவருக்கு எச்சரிக்கை விட்டிருந்தால் துறைக்கே போறேல்லை.

நேற்று விடிய மூண்டு பேர் வந்தவை, கொழும்பிலை இருந்து, முற்பணமும் தந்தவை. விடியும் மட்டும் இருக்கச் சொன்னன். ஆறேகால் அளவிலை வெளிச்சம் வந்துது. துறையடி கண்ணாடி. அடிவானத்தைப் பாத்தன், வேலணைப் பக்கம் வாள்ப்பல்லு மாதிரித்தான் எனக்குத் தெரிஞ்சுது. "இண்டைக்கு இல்லை" எண்டு காசைத் திருப்பிக் குடுத்தன். ஒருத்தர் பேசிப்போட்டுப் போனார்.

பிறகு பின்னேரம் வரைக்கும் ஒரு ஓலை அசையேல்லை. நீச்சல் காட்டுறவன் மத்தியானம் போய் ஒரு கூடை நண்டோடை வந்தான். அத்தான் மேல்மாடியிலை கடலைப் பாத்துக்கொண்டு நிண்டவர். ஒண்டும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை.